பத்து வருசம் காத்திருந்த பிணைச்சல்: ஸ்பீட் ஸ்கேட்டிங்கின் 1997–98 பருவம்

ஸ்பீட் ஸ்கேட்டிங்கின் உலக சாதனைப் பட்டியலை வரிசையாக வாசித்துக்கொண்டு போனால் ஒரு இடத்தில் கண் தானாக நிற்கும். ஆண்களுக்கான 10,000 மீற்றரில் நோர்வேயின் யொஹான் ஒலாவ் கொஸ் 1994 பெப்ரவரியில் வைத்த சாதனை 13 நிமிடம் 30.55 செக்கன். நாலு வருசம் அது அசையவில்லை. 1998 பெப்ரவரியில் நெதர்லாந்தின் ஜியானி ரொம்மே அதை 13:15.33 ஆக்குகிறார். ஆறு கிழமை முடிய முதல் அவரே அதை 13:08.71 ஆக்குகிறார்.

ரொம்மே ஒரு அபூர்வமான ஆள் எண்டு சொல்லிக் கடந்து போயிருக்கலாம். ஆனால் 1997 நவம்பரிலிருந்து 1998 மார்ச் வரைக்குமான அந்த ஒரே பருவத்தில் ஆண்கள், பெண்கள் இரண்டு பகுதியிலும் எல்லா ஒலிம்பிக் தூரங்களிலும் உலக சாதனைகள் மாறியிருக்கின்றன. எல்லாரும் ஒரே குளிர்காலத்தில் திடீரெண்டு பலசாலிகள் ஆகிவிடவில்லை. மாறியது காலில் கிடந்த சாமான். அது ஏன் அந்த வருசம் மாறியது, அதற்குப் பத்து வருசம் முதலே ஏன் மாறவில்லை என்பதுதான் எங்களுக்குச் சுவாரசியமாகப் பட்ட கேள்வி.

முதலில் விளையாட்டைப் பற்றிக் கொஞ்சம். நீள்வட்டப் பனித்தளம், ஒரு சுற்று 400 மீற்றர், இரண்டு ஓடுபாதை. ஒரு நேரத்தில் இரண்டு பேர் மட்டும் ஓடுவார்கள். உள்பாதை குறுகியது என்பதால் ஒவ்வொரு சுற்றிலும் இருவரும் பாதை மாறிக்கொள்ள வேணும். பக்கத்தில் ஓடுகிற ஆளை வென்றாலும் பரிசு நிச்சயமில்லை, உண்மையான எதிரி மணிக்கூடுதான். நவம்பரில் உலகக் கிண்ணச் சுற்றுகள் தொடங்கும். ஜனவரியில் ஐரோப்பிய சம்பியன்ஷிப் வரும். அந்தக் காலத்தில் அதற்குப் பிறகு குறுந்தூரக்காரருக்கு உலக ஸ்பிரின்ட் பட்டம், நாலு தூரத்தையும் ஒரே ஆள் ஓடுகிற உலக ஆல்ரவுண்ட் பட்டம், கடைசியில் தனித்தனித் தூரங்களுக்கான உலக சம்பியன்ஷிப் எண்டு நடந்தன. நாலு வருசத்துக்கு ஒருக்கா நடுவில் ஒலிம்பிக். 1998இல் அது யப்பானின் நாகானோவில் நடந்தது.

ஆய்வுகூடத்தில் இருந்த யோசனை

அம்ஸ்டர்டாமின் வ்ரை பல்கலைக்கழகத்தில் கெரிட் யான் வன் இங்கன் ஸ்கெனாவ் எண்டு ஒரு உடலியக்க ஆய்வாளர் இருந்தார். அவரும் கூட்டாளிகளும் மனிதர் எப்படிப் பாய்கிறார்கள் எண்டு ஆராய்ந்தார்கள். நின்ற இடத்திலிருந்து மேலே பாயும்போது முதலில் இடுப்பு நிமிரும், பிறகு முழங்கால், கடைசியாகக் கணுக்கால். குதி நிலத்தை விட்டு எழும்பி விரல்நுனியால் தள்ளுகிற அந்தக் கடைசிக் கணத்தில்தான் கெண்டைக்கால் தசை தன் வேலையைக் காட்டுகிறது.

பழைய ஸ்கேட்டில் இதைச் செய்ய ஏலாது. சப்பாத்தின் அடியில் நீளமான இரும்பு பிளேட் முன்னும் பின்னும் இறுக்கிப் பொருத்தப்பட்டிருக்கும். குதியைத் தூக்கினால் பிளேட்டின் முன்நுனி பனியைக் கிழிக்கும், வேகம் போய்விடும். ஆகவே ஸ்கேட்டர்கள் சின்ன வயதிலிருந்தே கணுக்காலை அடக்கப் பழகினார்கள். பாதத்தைத் தட்டையாக வைத்து, முழங்கால் முழுதாக நிமிர முதலே பனியை விட்டுக் காலை எடுத்தார்கள். அந்த அடக்கம்தான் ‘நல்ல நுட்பம்’ எண்டு சொல்லிக் கொடுக்கப்பட்டது.

வன் இங்கன் ஸ்கெனாவின் குழு 1980களில் கொண்டுவந்த தீர்வு கதவுக்குப் போடுகிற மாதிரி ஒரு பிணைச்சல். பிளேட்டின் முன்பகுதி மட்டும் சப்பாத்தோடு பிணைச்சலால் சேர்ந்திருக்கும், குதிப்பக்கம் கழன்று நிற்கும். குதி எழும்பினாலும் பிளேட் முழுதாகப் பனியில் படிந்தபடி இருக்கும். காலை எடுத்ததும் ஒரு ஸ்பிரிங் பிளேட்டை இழுத்துச் சப்பாத்தோடு திரும்பச் சேர்க்கும். அப்போது ‘டக்’ எண்டு ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்தை வைத்துத்தான் டச்சு மொழியில் அதற்குக் கிளாப் ஸ்கேட் எண்டு பேர் வந்தது.

யோசனை முழுக்கப் புதிதும் இல்லை. 1894இலேயே ஜேர்மனியில் கார்ல் ஹான்னஸ் என்பவர் பிணைச்சல் வைத்த ஸ்கேட்டுக்குக் காப்புரிமை எடுத்திருக்கிறார். ஒருத்தரும் கவனிக்கவில்லை.

யார் முதலில் போட்டார்கள்?

அம்ஸ்டர்டாம் குழுவிடம் அளவீடு இருந்தது, மாதிரி ஸ்கேட்டும் இருந்தது, முன்னணி வீரர்களிடம் கேட்டும் பார்த்தார்கள். உலகத்திலேயே இந்த விளையாட்டில் பைத்தியமான நாடு நெதர்லாந்து. அங்கேயே வீரர்கள் மாட்டம் எண்டு விட்டார்கள்.

இதை மூடத்தனம் எண்டு சிரிப்பது லேசு. ஆனால் அவர்களின் இடத்தில் நின்று பார்த்தால் கணக்கு வேறு. பதினைந்து வருசம் கணுக்காலை அடக்கப் பழகிய ஒருவர் புது ஸ்கேட்டைப் போட்டால், முதல் சில மாதம் மெதுவாகத்தான் ஓடுவார். அதற்குள் ஒரு பருவம் போய்விடும். தேசிய அணியில் இடம் போகலாம், அதோடு அனுசரணையும் போகலாம். உச்சியில் நிற்கிறவருக்குப் பரிசோதனை எண்டால் இழப்புக்கான வாய்ப்புத்தான்.

ஆகவே வாசல் வேறு இடத்தில் திறந்தது. 1994–95 பருவத்தில் தென் ஹொலண்ட் மாகாணத்தின் இளையோர் அணியில் 11 பேர் கிளாப் ஸ்கேட்டோடு போட்டிக்கு இறங்கினார்கள். அந்த வருசம் அவர்களின் நேரங்கள் சராசரியாக 6.2 வீதம் முன்னேறின. அதே வயது மற்றவர்களின் முன்னேற்றம் 2.5 வீதம். செக்கனின் நூறில் ஒரு பங்குக்குச் சண்டை பிடிக்கிற விளையாட்டில் இது சின்ன வித்தியாசம் இல்லை.

அடுத்துப் பெண்கள். 1996–97 பருவத்தில் நெதர்லாந்துப் பெண்கள் அணியில் சிலர் கிளாப் ஸ்கேட்டுக்கு மாறினார்கள். 1997 ஜனவரியில் ஹேரன்வேனில் நடந்த ஐரோப்பிய சம்பியன்ஷிப்பில் அவர்களில் ஒருவரான டொனி டி யொங், ஜேர்மனியின் குண்டா நீமனை முந்திப் பட்டத்தை எடுத்தார். நீமன் அதுவரைக்கும் ஏழு தடவை ஐரோப்பிய சம்பியன். அடுத்த மாதமே உலக ஆல்ரவுண்ட் பட்டத்தை நீமன் திரும்ப வென்றது உண்மைதான். ஆனாலும் அந்த ஜனவரிக்குப் பிறகு ‘இது பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான்’ எண்டு சொல்ல ஒருத்தராலும் முடியவில்லை.

அதே ஜனவரியில்தான் நெதர்லாந்தின் ஃப்ரீஸ்லாந்தில் கால்வாய்கள் உறைந்து, பதினொரு ஊர்களைச் சுற்றி ஓடுகிற 200 கிலோமீற்றர் எல்ஃப்ஸ்டெடன்டொக்ட் ஓட்டம் நடந்தது. அதற்குப் பிறகு இன்றைக்கு வரைக்கும் அது நடக்கவில்லை, பனி போதுமான தடிப்புக்கு உறையவே இல்லை. இயற்கைப் பனியின் கடைசிப் பெருவிழாவும் பிணைச்சலின் முதல் பெரிய வெற்றியும் ஒரே மாதத்தில், ஒரே மாகாணத்தில் நடந்திருக்கின்றன.

1997–98

1997 நவம்பரில் பருவம் தொடங்கும்போது எல்லாரும் அவசர அவசரமாகப் புது ஸ்கேட்டில் ஓடப் பழகினார்கள். சர்வதேச ஸ்கேட்டிங் சங்கம் அதைத் தடைசெய்யவில்லை. ஸ்பிரிங் பிளேட்டைத் திரும்பக் கொண்டுவருகிறதே தவிர ஆளைத் தள்ளிவிடவில்லை.

நீண்ட தூரக்காரருக்கு லாபம் உடனே தெரிந்தது. குறுந்தூரக்காரருக்குச் சிக்கல் கூட. துவக்கத்தில் அவர்கள் விரல்நுனியில் ஓடித்தான் வேகம் எடுப்பார்கள், கீழே பிளேட் ஆடிக்கொண்டிருந்தால் அது பயம். ஆனாலும் மாறினார்கள். ஜனவரியில் பேர்லினில் யான் பொஸ் உலக ஸ்பிரின்ட் பட்டத்தை வென்றார். நெதர்லாந்து ஆண் ஒருவர் அதை வென்றது அதுதான் முதல் தடவை. பெண்களில் கனடாவின் கற்றியோனா லெ மே டோன் வென்றார்.

பெப்ரவரி 8, நாகானோவின் எம்-வேவ் அரங்கு, ஆண்கள் 5000 மீற்றர். பெல்ஜியத்துக்காக ஓடிய பார்ட் வெல்ட்காம்ப் 6:28.31 எண்டு உலக சாதனை வைத்தார். இவர் 1992இல் நெதர்லாந்துக்காக ஒலிம்பிக் தங்கம் வென்றவர். சொந்த நாட்டு அணியில் இடம் பிடிப்பது ஒலிம்பிக் பதக்கத்தைவிடக் கஷ்டம் எண்டதால் நாடு மாறினவர். ரின்ட்யே ரிட்ஸ்மா அந்தச் சாதனையை 6:28.24 ஆக்கினார். பிறகு ரொம்மே வந்து 6:22.20. ஒரே போட்டியில் மூன்று உலக சாதனை, அதில் கடைசி ஆறு செக்கன் இடைவெளியில்.

ஒன்பது நாள் கழித்து 10,000 மீற்றர். கொஸ்ஸின் சாதனையை ரொம்மே 15 செக்கனுக்கு மேல் குறைத்தார். இதை வேறு மாதிரிச் சொன்னால், 1994இன் கொஸ்ஸும் 1998இன் ரொம்மேயும் ஒன்றாக ஓடியிருந்தால், ரொம்மே கோட்டைத் தாண்டும்போது கொஸ் ஏறக்குறைய அரைச் சுற்று பின்னுக்கு நின்றிருப்பார். இரண்டாவது வந்த பொப் டி யொங்கும் மூன்றாவது வந்த ரிட்ஸ்மாவும்கூடக் கொஸ்ஸின் நேரத்தை முந்தினார்கள்.

பெண்கள் 5000 மீற்றரில் கிளவுடியா பெக்ஸ்டைன் 6:59.61, குண்டா நீமன் 6:59.65. அதற்கு முதல் எந்தப் பெண்ணும் ஏழு நிமிடத்துக்குள் அந்தத் தூரத்தை ஓடியதில்லை. அன்றைக்கு இரண்டு பேர் ஓடினார்கள், வித்தியாசம் 0.04 செக்கன். பெண்கள் 1000, 1500 இரண்டையும் நெதர்லாந்தின் மரியானே டிம்மர் எடுத்தார். ஆண்கள் 500இல் 1.62 மீற்றர் உயரமான ஹிரொயாசு ஷிமிசு வென்றார், ஸ்பீட் ஸ்கேட்டிங்கில் யப்பானின் முதல் தங்கம் அது. நெதர்லாந்து நாகானோவில் வாங்கிய 11 பதக்கங்களும் இந்த ஒரே விளையாட்டில்தான்.

மார்ச்சில் ஹேரன்வேனில் உலக ஆல்ரவுண்ட் பட்டம் இட்ஸ் பொஸ்ட்மாவுக்கும் நீமனுக்கும் போனது. பருவம் கனடாவின் கல்கரியில் முடியும்போது ரொம்மேயின் 5000 மீற்றர் நேரம் 6:21.49 ஆகியிருந்தது.

எல்லாவற்றையும் பிணைச்சலின் கணக்கில் எழுதினால் பிழை. கல்கரி கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் மீற்றருக்கு மேல் இருக்கிறது, காற்று ஐதானது, தடை குறைவு. 1980களின் நடுவிலிருந்து முக்கியமான அரங்குகளுக்குக் கூரை வந்துவிட்டது. நாகானோவில் நெதர்லாந்து வீரர்கள் தலையிலும் காலிலும் காற்றுத்தடையைக் குறைக்கிற ஒட்டுப் பட்டிகளோடு வந்தார்கள். ஆனால் கூரையும் கல்கரியும் கொஸ்ஸின் காலத்திலும் இருந்தன. ஒரே பருவத்தில் எல்லாத் தூரமும் பெயர்ந்ததை அவை மட்டும் விளக்காது.

இது நியாயமா?

ஒரு தலைமுறை கற்ற திறமையின் பெறுமதி ஒரு குளிர்காலத்தில் குறைந்துபோனது. கணுக்காலை அடக்குவதில் கெட்டிக்காரராக இருந்தவருக்கு அந்தக் கெட்டித்தனமே தடையாகியது. கொஸ் 1994இல் மூன்று தங்கமும் மூன்று உலக சாதனையும் எடுத்துவிட்டு ஓய்வுபெற்றவர். அவரால் புது ஸ்கேட்டில் திரும்ப ஓடிக் காட்ட முடியாது. அவருடைய எண்களையும் ரொம்மேயின் எண்களையும் ஒரே பட்டியலில் மேலும் கீழுமாகப் போடுவது ஒப்பீடு மாதிரித் தெரியும், ஆனால் இரண்டும் இரண்டு கருவியின் எண்கள்.

மற்றப் பக்கமும் இருக்கிறது. நீமன் பழைய ஸ்கேட்டின் அரசி. 1997 ஜனவரியில் தோற்றவர். ஆனால் முப்பது வயதைத் தாண்டிய பிறகு திரும்பப் பழகி, நாகானோவில் 3000 மீற்றர் தங்கமும் மார்ச்சில் உலகப் பட்டமும் எடுத்தார். கருவி மாறினால் பெரியவர்கள் கட்டாயம் விழவேணும் எண்டு இல்லை, திரும்பவும் மாணவராக இருக்கச் சம்மதித்தால் போதும். பழைய ஸ்கேட்டும் இயற்கை தந்த கால் இல்லை, அதுவும் ஒரு காலத்தில் யாரோ செய்த சாமான்தான். ஆகவே தடைசெய்யாமல் விட்டது சரி எண்டுதான் நாங்கள் நினைக்கிறோம்.

எங்களுக்கு உறுத்துவது வேறு. இந்தக் கதை சொல்லப்படுகிற இடங்களில் பெரும்பாலும் ரொம்மேயில் தொடங்கி ரொம்மேயில் முடியும். அவருக்கு ஒரு வருசம் முதல் டொனி டி யொங் அதே ஸ்கேட்டில் ஐரோப்பாவை வென்றது ஒரு அடிக்குறிப்பு. அதற்கும் இரண்டு பருவம் முதல், கேலிச் சத்தம் மாதிரிக் கேட்கிற சாமானைப் போட்டுக்கொண்டு கோட்டில் நின்ற 11 பிள்ளைகள் ஒரு வீதக் கணக்கு மட்டும்.

வன் இங்கன் ஸ்கெனாவ் நாகானோ முடிந்து சில கிழமைகளில், 1998 ஏப்ரலில் இறந்துபோனார். பிறகு அவருடைய கூட்டாளிகள் செய்த அளவீடுகளில் இன்னொன்று தெரியவந்தது. கிளாப் ஸ்கேட் வேகம் தருவது உண்மை. ஆனால் எதிர்பார்த்த மாதிரிக் கணுக்காலின் மேலதிகத் தள்ளல்தான் முழுக் காரணம் இல்லை. பாதம் சுழல்கிற புள்ளி பிளேட்டின் நுனியிலிருந்து பிணைச்சல் இருக்கிற இடத்துக்குப் பின்வந்ததால், கால் செய்கிற வேலை கூடுதலாகப் பிரயோசனப்பட்டது. அதாவது சாமான் சரி, அதற்குச் சொன்ன காரணம் பாதி சரி.

இதைச் சும்மா கோட்பாட்டால் கண்டுபிடித்திருக்க ஏலாது. யாரோ போட்டு ஓடிப் பார்க்க வேண்டியிருந்தது. ஓடிப் பார்த்தவர்கள் இழக்கப் பட்டம் இல்லாதவர்கள். பத்து வருசமாக மேசையில் கிடந்த யோசனையைப் பனிக்குக் கொண்டுவந்தது அவர்கள்தான். சாதனைப் பட்டியலில் அவர்களுக்கு இடமில்லை, அது பட்டியலின் குறை. வரலாறு எழுதுகிறவர்கள் பட்டியலை மட்டும் பிரதிபண்ணினால் அது எங்கள் குறையாகிவிடும்.