நாரிநோவும் நாற்காலியும்

கந்தோர் ஒன்றில் இலிகிதராகக் கடமையாற்றும் நண்பர் ஒருவர், நெடுநாள் நாரிநோவினால் வருந்தி வைத்தியரிடம் சென்றார். நாள்தோறும் அரைமணி நேரம் தேகாப்பியாசம் செய்யுமாறு வைத்தியர் பணித்தார். "எந்த அரைமணி?" என்று நண்பர் நம்மிடம் கேட்டார். காலையில் பஸ், பகலில் மேசை, மாலையில் மீண்டும் பஸ், இரவில் வீட்டுக் கடமை என வகுக்கப்பட்டுவிட்ட அவரது நாளில் அந்த அரைமணியை எங்கே தேடுவது? எளிதாகத் தோன்றும் இவ்வினாவுக்கு முந்நூறாண்டு வரலாறு உண்டு.

இத்தாலியின் மொடேனா நகரில் வைத்தியராய் விளங்கிய பெர்னாடினோ ரமாட்சினி, தொழிலாளரின் நோய்களைப் பற்றி இலத்தீன் மொழியில் எழுதிய நூலை 1700 இல் வெளியிட்டார். பண்டை வைத்தியர் நோயாளியிடம் கேட்ட வினாக்களோடு, அவன் செய்யும் தொழில் யாது என்பதையும் கேட்டறிதல் வேண்டும் என்பது அவர் கொள்கை. தையற்காரரும் சப்பாத்துத் தைப்போரும் திருநாளிலே ஊர்வலம் வருங்கால், தொழிலினால் வளைந்த முதுகோடு நடந்து செல்வதை அவர் கண்டு எழுதினார். 1713 இல் வெளிவந்த பதிப்பிலே எழுத்துவேலை செய்வோரையும் சேர்த்துக்கொண்டார். இடையறாத இருக்கை, ஒரே வகையான கையசைவு, ஓயாத மன உழைப்பு என்னும் மூன்றுமே அவர்தம் நோய்க்குக் காரணம் என்றார். இருந்து தொழில் செய்வோருக்கு அவர் கூறிய பரிகாரம் யாது? விடுமுறை நாளிலாவது உடற்பயிற்சி செய்தல் வேண்டும். பல நாள் இருக்கையின் கேட்டை ஒரு நாட் பயிற்சி ஓரளவேனும் ஈடுசெய்யும் என்பதே. நோயின் வேரைத் தொழிலிலே கண்ட அப்பெருமகனார், மருந்தைத் தொழிலாளியின் ஓய்வு நாளிலே வைத்துவிட்டார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கைத்தொழில் பெருகக் கந்தோர்களும் பெருகின. சுவீடனில் பேர் ஹென்றிக் லிங் 1813 இல் நிறுவிய நிலையம் தேகாப்பியாசத்தை ஒரு கல்வித் துறையாகவே வளர்த்தது. அவர் வழிவந்த குஸ்தாவ் சாண்டர், 1865 இல் ஸ்டொக்ஹோம் நகரில் இயந்திரங்களின் துணைகொண்டு உடலைப் பயிற்றும் நிலையமொன்றை அமைத்தார். இருந்தபடியே வேலை செய்யும் வாழ்வின் கேடுகளுக்கு அவ்வியந்திரங்கள் மாற்றெனப்பட்டன. ஆனால், ஐக்கிய அமெரிக்காவைச் சென்றடைந்தபோது அவை பெரும்பாலும் செல்வர் தங்கும் உடல்நல விடுதிகளிலேயே இடம்பெற்றன. பேரேட்டின் முன் குனிந்திருந்த இலிகிதனுக்கு அவை எட்டாக்கனியே.

இதே காலத்தில் வைத்திய உலகில் வேறொரு கொள்கையும் வலுப்பெற்றது. இங்கிலாந்தின் ஜோன் ஹில்டன் 1863 இல் வெளியிட்ட விரிவுரைகளில் ஓய்வே நோவைத் தீர்க்கும் மருந்தென வற்புறுத்தினார். 1934 இல் பொஸ்டன் நகரத்து மிக்ஸ்டர், பார் என்னும் இருவர், முள்ளந்தண்டின் இடைத்தட்டுப் பிதுங்கி நரம்பை அழுத்துவதால் நோவு உண்டாகலாம் என எடுத்துக்காட்டினர். சிலருக்கு இது முற்றிலும் பொருந்தும் உண்மை. ஆயினும் நாரிநோவு கண்ட பெரும்பாலாரிடம் இத்தகைய தனிக்காரணம் எதுவும் தெளிவாகப் புலப்படுவதில்லை. இருந்தும், வைத்தியரின் பார்வை இடைத்தட்டில் நிலைத்தது; சத்திரசிகிச்சை பெருகிற்று; எஞ்சியோர் வாரக்கணக்கில் படுக்கையிற் கிடத்தப்பட்டனர். என்ன தொழில் என்ற வினா பின்தள்ளப்பட்டது.

படுக்கையின் தீங்கை 1947 இல் ரிச்சட் ஆஷர் என்னும் ஆங்கில வைத்தியர் எடுத்துரைத்தார். ஐக்கிய அமெரிக்காவில் ஹான்ஸ் கிரவுஸ், தசைகளின் வலுக்குறைவும் இறுக்கமும் முதுகு நோவுக்கு வழிகோலுகின்றன எனக் கொண்டு, அப்பியாசத்தையே சிகிச்சையாக்கினார். 1961 இல் ஜனாதிபதி கென்னடியின் முதுகு நோவுக்கு அவர் வெள்ளை மாளிகைக்கே வந்து பயிற்சியளித்தார். கென்னடி பெரிதும் தேறினார். ஜனாதிபதிக்குப் பயிற்சி அவர் பணிபுரியும் மாளிகையிலேயே கிடைத்தது என்பதை நாம் மனங்கொள்ளுதல் வேண்டும்.

1969 இல் சுவீடனில் 'முதுகுப் பள்ளி' தோன்றியது. உடலின் இயக்கத்தையும் வேலை செய்யும் முறையையும் நோயாளருக்குக் கற்பித்த அப்பள்ளி, அவர்தம் தொழிலை மறுபடியும் நினைவுகூர்ந்தது. நீடித்த நோவை உடற்சேதம் ஒன்றினால் மட்டும் விளக்கிவிட இயலாது, அச்சமும் மனச்சோர்வும் சமுதாயச் சூழலும் அதிற் பங்குகொள்கின்றன என 1987 இல் கோர்டன் வொடல் வாதித்தார். அசைந்தால் முதுகு முறிந்துவிடும் என்று அஞ்சுபவன் அசைவதில்லை. அசையாத தசை நலிகிறது. நலிந்த தசை நோவை மிகுவிக்கிறது. அப்பியாசம் இச்சுழலை அறுக்கிறது. திடீரென வந்த நோவுக்கு, இயன்றவரை அன்றாட வேலைகளைச் செய்துகொண்டிருப்பதே படுக்கையினும் மேல் என்பதை 1995 இல் ஹெல்சிங்கி நகராட்சி ஊழியரிடையே நடந்த ஆய்வு காட்டியது. மூன்று மாதத்துக்கு மேல் நீடித்த நோவு பற்றிய 249 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய 2021 ஆம் ஆண்டு மதிப்பீடு, அப்பியாசம் நோவைத் தணிக்கிறது என்ற முடிவையே பெரிதும் ஆதரித்தது. 2023 இல் உலக சுகாதார நிறுவனமும் அதனைப் பரிந்துரைத்தது. இடுப்புப் பட்டியை வழக்கமான சிகிச்சையாக விதிக்க வேண்டாமென்றது.

இங்ஙனம் விஞ்ஞானம் தன் தீர்ப்பை வழங்கிவிட்டது. அப்பியாசம் மாயமருந்தன்று, இருக்கை மட்டுமே நோவுக்குக் காரணமுமன்று. எனினும், தொடர்ந்து செய்தால்தான் பயன் உண்டு. தொடர்ந்து செய்ய நேரம் வேண்டும். அந்நேரம் யாருடையது? 1700 இல் விடுமுறை நாள் சுட்டப்பட்டது. இன்று இரவும் அதிகாலையும் சுட்டப்படுகின்றன. பகல் முழுவதையும் பெற்றுக்கொண்ட கந்தோர், அப்பகலின் விளைவைச் சீர்செய்யும் பொறுப்பை ஊழியனிடமே விட்டுவிடுகிறது. அவன் அப்பியாசம் செய்யத் தவறினாலோ, சோம்பேறி என்ற பழியும் அவனுக்கே.

ரமாட்சினியின் வினாவை இனி வைத்தியர் மாத்திரம் கேட்டாற் போதாது. தொழிற்சங்கங்களும் கேட்டல் வேண்டும். வேலைநேரத்தைக் குறைக்கவும் தேநீருக்கு இடைவேளை பெறவும் போராடிய இயக்கங்களுக்கு, எழுந்து நடக்கவும் உடலைப் பயிற்றவும் வேலைநேரத்தினுள்ளேயே ஒரு பங்கு கேட்பது புதுமையன்று. நம் நண்பர் தேடும் அரைமணி, அவரது உறக்கத்திலிருந்து வெட்டியெடுக்கப்பட வேண்டியதன்று. முதுகு வளைந்த இடத்திலேயே அது நிமிர்வதற்கும் நேரம் ஒதுக்கப்படுதல் வேண்டும்.