கொள்ளையருக்குத் தண்டனை, கூட்டாளிக்குச் சமஸ்தானம்

1816 மார்ச்சில் சென்னை மாகாணத்துக் குண்டூர்ப் பகுதிக்குள் பிண்டாரிக் கொள்ளையரின் குதிரைக்கூட்டம் புகுந்தது. சுமார் பன்னிரண்டு நாளில் 339 கிராமங்கள் சூறையாடப்பட்டன. கிழக்கிந்தியக் கம்பெனிக் கணக்குப்படி 182 பேர் கொலையுண்டார்கள், 3,603 பேர் சித்திரவதைக்கு ஆளானார்கள். ஒளித்த பணத்தைக் கக்கவைக்க, சுடுசாம்பல் நிரப்பிய பையை முகத்தில் கட்டி முதுகில் அறைவார்களாம்.

இவர்கள் வானத்திலிருந்து குதித்தவர்கள் அல்லர். மராட்டியப் படைகளின் பின்னால் சம்பளமின்றித் திரிந்தவர்கள், கொள்ளைதான் கூலி. மராட்டிய அரசர்களான சிந்தியாவும் ஹோல்கரும் தளர்ந்த பிறகு கடிவாளம் பிடிக்க ஆளில்லை. அந்த அரசுகளைத் தளர வைத்ததில் கம்பெனிக்கும் பங்குண்டு. அதன் அறிக்கைகள் அதை அவ்வளவாகப் பேசுவதில்லை.

பிண்டாரிகளுக்குக் கூடாரமோ மூட்டையோ கிடையாது. நாளுக்கு 40, 50 மைல் ஓட்டம். துரத்திய படை புழுதியைத்தான் பார்த்தது.

1817இல் கவர்னர் ஜெனரல் ஹேஸ்டிங்ஸ் லட்சத்துக்கும் மேற்பட்ட படையோடு அவர்களை வளைத்தார். பிண்டாரித் தலைவர்களில் கரீம் கான் சரணடைந்து கோரக்பூர்ப் பக்கம் நிலம் பெற்றார். இன்னொரு தலைவர் சீத்துவை அசீர்கர் காட்டில் புலி அடித்தது.

பிண்டாரிகளின் கூட்டாளியான தளபதி அமீர் கானோ கம்பெனியோடு உடன்படிக்கையில் கையெழுத்திட்டு டோங்க் நவாப் ஆனார். அவர் வம்சம் 1948இல் சமஸ்தானம் ராஜஸ்தானோடு இணையும்வரை ஆண்டது.