"உங்களை எங்களோடு சேர்த்துக்கொள்வோம்": இந்த மிரட்டலை எப்போது நம்புவது?

கனடாவை அமெரிக்காவின் 51வது மாநிலமாக்க வேண்டும் என்று 2025ஆம் ஆண்டில் அதிபர் டிரம்ப் திரும்பத் திரும்பச் சொன்னார். டென்மார்க்கின் கீழ் உள்ள கிரீன்லாந்தைப் பெறப் படைபலத்தைப் பயன்படுத்த மாட்டேன் என்று உறுதி கொடுக்கவும் அந்த ஜனவரியில் மறுத்தார். கேட்டுச் சிரித்தவர்கள் உண்டு, பயந்தவர்களும் உண்டு. பிள்ளைகளைப் படிப்புக்கோ வேலைக்கோ வெளிநாடு அனுப்பியிருக்கும் குடும்பங்களுக்கு இது வெறும் உலகச் செய்தி அல்ல. பலம் மிக்க அண்டை நாடு ஒன்று இப்படிப் பேசும்போது அதை எவ்வளவு பொருட்படுத்த வேண்டும்?

இதை விளங்கிக்கொள்ள நாம் வசிக்கும் திருத்தணியின் வரலாறே நல்ல தொடக்கம். இங்கு நடந்தது இரு நாடுகளின் சண்டை அல்ல, ஒரே நாட்டுக்குள் எழுந்த எல்லைத் தகராறுதான். ஆனாலும் உரிமை கோரும் அரசியல் எப்படி வேலை செய்கிறது என்பதை இதில் தெளிவாகப் பார்க்கலாம்.

தெலுங்கு பேசும் மக்களுக்குத் தனி மாநிலம் கேட்டு எழுந்த இயக்கம், சென்னை நகரமும் தங்களுக்கு வேண்டும் என்றது. 'மதராஸ் மனதே' என்பது அவர்களின் முழக்கம். நேரு, படேல், பட்டாபி சீதாராமையா ஆகிய மூவர் குழு, சென்னை மீதான உரிமையை விட்டுவிட வேண்டும் என்று 1949லேயே சொல்லிவிட்டது. முழக்கம் ஓயவில்லை. சென்னையில் உண்ணாவிரதம் இருந்த பொட்டி ஸ்ரீராமுலு 1952 டிசம்பர் 15 அன்று இறந்தார். நான்கே நாட்களில், டிசம்பர் 19 அன்று, ஆந்திர மாநிலம் அமையும், அதில் சென்னை நகரம் இருக்காது என்று பிரதமர் நேரு அறிவித்தார். அதன் பிறகும் ஆந்திராவின் தற்காலிகத் தலைநகராகச் சென்னை இருக்கலாமா என்ற பேச்சு எழுந்தது. முதலமைச்சர் ராஜாஜியும், தமிழரசுக் கழகத்தின் ம.பொ.சிவஞானமும் அதைக் கடுமையாக எதிர்த்தார்கள். கடைசியில் கர்னூல் தலைநகரமானது.

சென்னை தப்பியது. எல்லோரும் அதைத்தான் நினைவில் வைத்திருக்கிறோம். ஆனால் 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் மாவட்டம் அப்படியே அதனுடன் போனது. திருத்தணியும் திருப்பதியும் அந்த மாவட்டத்தில்தான் இருந்தன. பெரிய கோரிக்கை தோற்றது, அதன் நிழலில் இருந்த சிறிய ஊர்கள் கைமாறின. நம் பார்வையில் இந்த வரலாற்றின் முக்கியமான பகுதி இதுதான்.

திருத்தணி திரும்பி வர ஆறரை ஆண்டுகள் ஆயின. ம.பொ.சி.யும் இப்பகுதியின் மங்கலங்கிழார் போன்றோரும் நடத்திய வடக்கெல்லைப் போராட்டம் ஒரு பக்கம். ஆனால் முடிவைத் தந்தது கணக்கு. மத்தியஸ்தராக வந்த படாஸ்கர், தாலுகாவை மொத்தமாகப் பார்க்காமல் கிராமத்தை அலகாக எடுத்துக்கொண்டு, அங்கு எந்த மொழியினர் அதிகம், அது எந்த மாநிலத்தை ஒட்டியிருக்கிறது என்று பார்த்தார். நாடாளுமன்றம் 1959ல் சட்டம் இயற்றியது. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி தமிழகத்துடன் சேர்ந்தது. பதிலுக்குச் சத்தியவேடு பகுதி ஆந்திராவுக்குப் போனது. திருப்பதி அங்கேயே நின்றுவிட்டது. (எல்லைக்கு அந்தப் பக்கமும் நம் உறவுகள் இருக்கிறார்கள். கோடு மாறியதால் யாரும் யாருக்கும் அந்நியராகிவிடவில்லை.)

இரு தரப்புக்கும் மேலே தீர்ப்புச் சொல்ல நாடாளுமன்றம் இருந்ததால்தான் இது கணக்கில் முடிந்தது. நாடுகளுக்கு இடையே அப்படி ஒரு சபை இல்லை. ஐ.நா. கண்டிக்கும், ஆனால் அதனிடம் சொந்தப் படை கிடையாது.

குவைத்தின் இரண்டு அனுபவங்கள்

குவைத் 1961 ஜூன் 19 அன்று சுதந்திரம் பெற்றது. ஒரு வாரத்துக்குள் இராக்கின் தலைவர் அப்துல் கரீம் காசிம், குவைத் தங்கள் நாட்டின் பகுதி என்று அறிவித்தார். ஜூலை 1 அன்றே பிரிட்டிஷ் படை வந்து இறங்கியது. பிறகு அரபு லீக் படை அந்த இடத்தை எடுத்துக்கொண்டது. தாக்குதல் நடக்கவில்லை. காசிம் வீழ்ந்த பின், 1963ல் இராக் குவைத்தை அங்கீகரித்தது.

அதே உரிமைக் கோரிக்கை 1990ல் வேறு சூழலில் திரும்பி வந்தது. ஈரானுடன் எட்டு ஆண்டுகள் போரிட்டு இராக் கடனில் மூழ்கியிருந்தது. கடன் கொடுத்தவர்களில் குவைத்தும் ஒன்று. குவைத் அளவுக்கு மீறி எண்ணெய் எடுத்து விலையைக் கெடுக்கிறது என்று சதாம் ஹுசைன் ஜூலையில் வெளிப்படையாக எச்சரித்தார். எல்லையில் படை குவிந்தது. இது பேரம் பேசத்தான் என்று பல அரபுத் தலைவர்களும் நம்பினார்கள். ஆகஸ்ட் 2 அன்று படை உள்ளே நுழைந்தது, 8 அன்று குவைத் இணைக்கப்பட்டதாக அறிவிப்பு வந்தது. அது செல்லாது என்று மறுநாளே ஐ.நா. பாதுகாப்பு சபை தீர்மானித்தது. குவைத் மீண்டது என்னவோ 1991 பிப்ரவரியில், போரின் மூலம்தான்.

இரண்டு முறையும் பேச்சு ஒன்றுதான். 1961ல் தடுக்க வந்த படை 1990 ஆகஸ்டில் அங்கு இல்லை. மிரட்டுபவருக்குப் பணத் தேவையும் இருந்தது, படையும் எல்லைக்கு வந்துவிட்டது. ஆகவே வார்த்தையின் சூட்டை விட இவற்றைக் கவனிப்பதே சரி என்பது நம் கருத்து.

இந்த அளவில் கனடாவைப் பார்த்தால், எல்லையில் படை நகரவில்லை. ஆனால் 2025 மார்ச்சில் இறக்குமதி வரி நிஜமாகவே வந்தது. 51வது மாநிலம் என்ற பேச்சைக் கேட்டுச் சிரித்தவர்களையும் அந்த வரி பாதித்தது. சென்னையைக் கேட்டபோது சித்தூர் போனது போலத்தான். கிரீன்லாந்து சற்று வேறு. அங்கு 1951 ஒப்பந்தப்படி அமெரிக்க ராணுவத் தளம் ஏற்கெனவே இருக்கிறது. மக்கள்தொகையோ 60,000க்கும் குறைவு. டென்மார்க் இதைச் சிரித்துத் தள்ளாமல் ஆர்க்டிக் பாதுகாப்புச் செலவை உயர்த்தியது புத்திசாலித்தனம் என்றே நமக்குத் தோன்றுகிறது.

குடும்பங்களுக்கு இதில் என்ன வேலை? 1990ல் குவைத்திலும் இராக்கிலும் சிக்கிய இந்தியர்களில் சுமார் 1,70,000 பேரை ஜோர்டானின் அம்மான் வழியாக ஏர் இந்தியா விமானங்கள் கொண்டுவந்தன. பலர் சேமிப்பை விட்டுவிட்டு உடுத்திய துணியோடு வந்தார்கள். பின்னர் ஐ.நா. இழப்பீட்டு ஆணையம், இராக்கின் எண்ணெய் வருவாயிலிருந்து மொத்தம் 5,200 கோடி டாலருக்கு மேல் பல நாட்டினருக்கும் வழங்கி, 2022ல்தான் அந்த வேலையை முடித்தது. கேட்டுப் பெறுவதற்கு அங்கு வசித்ததையும் வேலை பார்த்ததையும் காட்டும் காகிதம் தேவைப்பட்டது. வெளிநாட்டில் இருப்பவரின் பாஸ்போர்ட், விசா, வேலை ஒப்பந்தம், வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றின் நகல் ஒன்று ஊரில் இருக்கும் வீட்டிலும் இருக்கட்டும்.