கடலாட வரும் கடவுளர்

சிந்தாதிரிப்பேட்டை 1734இல் கிழக்கிந்தியக் கம்பெனி உருவாக்கிய ஊர். ஆளுநர் மார்ட்டன் பிட் காலத்தில் சுங்குராமச் செட்டியின் தோட்டத்தை எடுத்து, கூவம் வளைந்தோடும் அந்நிலத்தில் நெசவாளர்களைக் குடியேற்றினார்கள். ஆதிகேசவப் பெருமாளுக்கும் ஆதிபுரீஸ்வரருக்கும் அங்கே அருகருகே கோயில்கள் எழுந்தன. குடிகள் போகும் இடத்துக்குக் கோயிலும் போகும் என்பதற்கு இது நல்ல சான்று. அதை மனத்தில் இருத்தி மயிலாப்பூரின் பழைய வழக்கொன்றைப் பார்க்கலாம்: கபாலீசுவரர் கோயில் முதலில் கடற்கரையிலேயே இருந்ததா?

இருந்தது என்போர் மாசிக் கடலாட்டைச் சான்றாகக் காட்டுவதுண்டு. 7ஆம் நூற்றாண்டில் சம்பந்தர் பூம்பாவைப் பதிகத்தில் மயிலையின் விழாக்களை அடுக்கும்போது அதையும் சொல்கிறார். ஆனால் கடலாடும் சாமி கடலோரத்தில்தான் குடியிருக்க வேண்டுமா? திருவல்லிக்கேணி பார்த்தசாரதி மாசி மகத்தன்று மெரினாவில் தீர்த்தவாரி கண்டு திரும்புகிறார். அவர் கோயில் ஊருக்குள் இருக்கிறது. ஜப்பானின் ஷிண்டோ கோயில்களிலும் இரு வகையும் உண்டு. மியாஜிமா தீவின் இட்சுகுஷிமா கோயில் அலை ஏறியிறங்கும் இடத்திலேயே நிற்கிறது. சமுகாவா கோயிலோ கடலைவிட்டுத் தள்ளி உள்ளே இருக்கிறது. ஆயினும் ஜூலையில் சிகசாகி கடற்கரையில் நடக்கும் ஹமாஓரி விழாவுக்கு அதன் பல்லக்கும் வருகிறது, விடியற்காலையில் பல்லக்குகள் அலைக்குள் இறங்குகின்றன. ஆக, கடலாட்டை வைத்துச் சாமி போகும் வழியைத்தான் அறியலாம். அவர் குடியிருக்கும் இடத்தை அறிய முடியாது.

அப்படியானால் கடற்கரைக் கோயில் வெறும் கற்பனையா? அவ்வளவு எளிதாகத் தள்ளவும் முடியாது. மயிலைக் கடற்கரையை ஒட்டிய சாந்தோம் தேவாலய வளாகத்தில் தோண்டியபோது கோயில் கல்வெட்டுத் துண்டுகள் கிடைத்திருக்கின்றன. கட்டட வேலைக்காக வேறிடத்துக் கற்களைக் கொண்டுவந்திருக்கலாமே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் 16ஆம் நூற்றாண்டில் அங்கே வேரூன்றிய போர்ச்சுக்கீசியர் தொலைவிலிருந்து கல் சுமந்தார்கள் என்பதைவிட, அருகே இருந்ததை எடுத்தார்கள் என்பதே பொருந்துகிறது. ஆகவே கோயில் இடம் மாறியது என்ற முடிவுக்குக் கல்லை ஆதாரமாக்கலாம், விழாவை ஆக்கலாகாது. விழாவின் சாட்சியம் வேறு: கோயில் எங்கே இருந்திருந்தாலும், மாசியில் கடலுக்குப் போகும் வழக்கத்தை மயிலை விட்டுவிடவில்லை.