பெயரேட்டைக் காத்தவர்கள்

கணிப்பொறிகள் ஒன்றையொன்று எண்ணைக் கொண்டே தேடிச் செல்கின்றன. மனிதனோ எண்ணை மறப்பான். பெயரை நினைவில் வைப்பான். ஆகவே, பெயரைக் கேட்டு எண்ணைச் சொல்ல இடையில் ஒருவர் நின்றாக வேண்டும். அவர் யார், அவருக்கு அந்த உரிமையைத் தந்தது யார் என்பது சிறிய கேள்வியன்று.

1969-இன் இறுதியில் அமெரிக்காவின் ஆர்ப்பாநெட் வலைப்பின்னலில் நான்கு கணிப்பொறிகளே இணைந்திருந்தன. எழுபதுகளில் அதன் பெயர்களெல்லாம் ஒரே ஏட்டில் அடங்கின. கலிபோர்னியாவில், மென்லோ பார்க் நகரின் எஸ்.ஆர்.ஐ. ஆய்வு நிறுவனத்தில், எலிசபெத் ஃபெயின்லர் என்னும் அம்மையாரின் அலுவலகம் அதனைப் பேணிவந்தது. புதிய கணிப்பொறியை இணைப்பவர் அங்கே தெரிவிப்பார். அப்பெயர் முன்பே வேறெவருக்கும் உரியதன்று எனக் கண்டபின் ஏட்டில் ஏற்றுவார்கள். மற்ற நிலையங்கள் அவ்வேட்டை அவ்வப்போது முழுமையாகப் படியெடுத்துக்கொள்ளும். பதிவேடு பேணுவோரை வரலாறு எளிதில் நினைப்பதில்லை. ஆனால் அவ்வலைப்பின்னல் இயங்கியது அந்தப் பொறுமையான உழைப்பினால்தான்.

கணிப்பொறிகள் பெருகவே ஏடும் வீங்கியது. படியெடுத்து முடிக்குமுன்பே அது பழையதாயிற்று.

தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் தகவல் அறிவியல் நிறுவனத்தில் பணியாற்றிய ஜான் போஸ்டல், இதற்கு வழி காணுமாறு பால் மொக்கபெட்ரிஸ் என்பவரைப் பணித்தார். 1983 நவம்பரில் மொக்கபெட்ரிஸ் வெளியிட்ட திட்டத்தின் உயிர்நாடி இதுதான்: எல்லாப் பெயர்களையும் அறிந்தவர் எவரும் இருக்க வேண்டியதில்லை. ஒரு பல்கலைக்கழகத்தின் கணிப்பொறியைத் தேடினால், உச்சியிலுள்ள வேர் வழங்கி அதன் எண்ணைச் சொல்லாது. கல்வி நிறுவனங்களின் பெயர்களுக்குப் பொறுப்பான வழங்கியைக் காட்டும். அது அப்பல்கலைக்கழகத்தின் வழங்கியைக் காட்டும். எண்ணைச் சொல்வது அந்தக் கடைசி வழங்கியே. கிடைத்த விடையைக் கேட்டவர் குறித்த காலம்வரை சேமித்துக்கொள்ளலாம். எனவே ஒவ்வொரு முறையும் உச்சிவரை செல்ல வேண்டுவதில்லை. அதிகாரம் இப்படிக் கீழே பகிர்ந்தளிக்கப்பட்டதை அத்திட்டத்தின் கணித நுட்பத்தினும் மேலானதாகவே கருதுகிறேன்.

ஆயினும் உச்சி என ஒன்று எஞ்சியது. 1998 ஜனவரியில், வேர் வழங்கிகளை நடத்தியோருக்குப் போஸ்டல் ஒரு மடல் அனுப்பினார். இனித் தம் கணிப்பொறியிலிருந்தே மூலப்பட்டியலைப் பெறுமாறு கேட்டார். எட்டு வழங்கிகள் இணங்கின. பட்டியலில் ஒரு பெயரும் மாறாததால் மக்கள் எதையும் உணரவில்லை. அமெரிக்க அரசு உணர்ந்தது. அரசின் வற்புறுத்தலால் சில நாள்களில் பழைய நிலை திரும்பியது. அது ஒரு சோதனையே என்றார் போஸ்டல். அவ்வாண்டு செப்டம்பரில் இப்பொறுப்புக்கென ஐகான் என்னும் அமைப்பு உருவானது. அடுத்த மாதம் போஸ்டல் காலமானார். அந்த உச்சியின்மீது அமெரிக்க அரசு கொண்டிருந்த மேற்பார்வை நீங்க 2016 அக்டோபர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.