முட்டத்துக் கடலும் மலையோரத்துப் பார்வையாளர்களும்

ஒரு திரைப்படத்தின் வரலாறு, அது எடுக்கப்பட்ட கதையோடும் ஓடிய நாட்களின் கணக்கோடும் முடிந்துவிடுவதில்லை. அதைப் பார்த்தவர்கள் என்ன பேசினார்கள், அந்தப் பேச்சு பின்னர் எவ்வாறு மாறியது என்பதும் அவ்வரலாற்றின் ஒரு பகுதியே. ஆனால் இப்பகுதியை நாம் எழுதிவைப்பதில்லை. விமரிசகரின் கருத்து அச்சேறி நிலைக்கிறது. தேநீர்க்கடைத் திண்ணையில் அமர்ந்து படத்தை அலசியவரின் கருத்து அவரோடு போய்விடுகிறது. 1981 ஜூலை 18 அன்று வெளிவந்த பாரதிராஜாவின் 'அலைகள் ஓய்வதில்லை' குறித்துக் கன்னியாகுமரி மாவட்டத்தில், சிறப்பாக மலையோரப் பகுதியான பேச்சிப்பாறையில், மூத்தவர்களிடம் நான் கேட்டறிந்தவற்றைக் காலவரிசையில் வைத்துப் பார்க்கும் முயற்சியே இக்கட்டுரை.

படத்தைப் பற்றிய அடிப்படைச் செய்திகளை முதலில் நினைவுகூரலாம். பாவலர் கிரியேஷன்ஸ் தயாரிப்பு, கதை மணிவண்ணன், இசை இளையராஜா. கார்த்திக், ராதா இருவருக்கும் இதுவே முதல் படம். இசை கற்பிக்கும் பிராமண விதவைத் தாயின் (கமலா காமேஷ்) மகன் விச்சு. அவளிடம் பாட்டுக் கற்க வரும் கிறித்தவப் பெண் மேரி. அவளுடைய அண்ணனாகத் தியாகராஜன். அண்ணன் மனைவியாக, கவர்ச்சி நடிகை என்ற அடையாளத்தைத் துறந்து, சில்க் ஸ்மிதா. விச்சுவைச் சுற்றி எப்போதும் ஒரு நண்பர் குழாம். களம், குமரி மாவட்டத்து முட்டம் கடற்கரை. இறுதியில் விச்சு பூணூலை அறுத்தெறிகிறான். மேரி சிலுவையைக் கழற்றி எறிகிறாள். இருவரும் ஊரைவிட்டுப் போகிறார்கள். அதே ஆண்டில் 'சீதாகோக சிலுகா' என்ற பெயரில் தெலுங்கில் உருவாகித் தேசிய விருதும் பெற்ற இக்கதை, 1983இல் 'லவ்வர்ஸ்' என்று இந்திக்கும் சென்றது.

பதின்பருவக் காதலைப் பேசிய படங்கள் அந்த இரண்டு மூன்று ஆண்டுகளில் அடுத்தடுத்து வந்தன என்பதை இங்கே கவனிக்க வேண்டும். 1979இல் பாலு மகேந்திராவின் 'அழியாத கோலங்கள்'. 1981இல் பாரதி-வாசுவின் 'பன்னீர் புஷ்பங்கள்'. முன்னது மூன்று சிறுவர்களின் நட்பையும் ஆசிரியை ஒருத்தியின்மீது அவர்களுக்கு எழும் ஈர்ப்பையும் சொன்னது. பின்னது உதகையின் பள்ளி விடுதியில் நிகழ்ந்தது. இவ்விரு படங்களும் வளரிளம் பருவத்தின் தவிப்பைத் தனிமனிதரின் அகவுலகாகக் கண்டன. இந்து இளைஞன், கிறித்தவப் பெண் என்ற இணையைப் பொறுத்தவரை 'பாபி' (1973) இந்தியிலும், 'சட்டக்காரி' (1974) மலையாளத்திலும் முன்பே வந்திருந்தன. பாரதிராஜா செய்தது, பள்ளிப் பருவத்துக் காதலையும் மதவேலியையும் ஒரே கடற்கரையில் கொண்டுவந்து நிறுத்தியது. அந்தக் கடற்கரை எங்கள் மாவட்டத்தினுடையது என்பதால், மற்ற ஊரார் ஒரு காதல் படத்தைப் பார்த்தபோது, எங்கள் மக்கள் தங்களைப் பற்றிய ஒரு கூற்றைப் பார்த்தார்கள்.

பேச்சிப்பாறையை அறியாத வாசகர்களுக்காகச் சில சொற்கள். கோதையாற்றின் குறுக்கே, திருவிதாங்கூர் அரசின் காலத்தில், 1897இல் தொடங்கி 1906இல் கட்டி முடிக்கப்பட்ட அணையால் பெயர்பெற்ற ஊர் இது. அணையைக் கட்டிய ஐரோப்பியப் பொறியாளர் மிஞ்சினின் கல்லறை அணையருகே இருக்கிறது. 'மூக்கன் துரை' என்று அவரை ஊரார் சொல்வார்கள். சுற்றிலும் ரப்பர்த் தோட்டங்கள். மேலே காணி மக்களின் குடியிருப்புகள். இந்து வீடும் கிறித்தவ வீடும் அடுத்தடுத்து இருப்பது இங்கே செய்தியே அல்ல. மாவட்டம் முழுவதற்கும் இது பொருந்தும்: 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்கள்தொகையில் இந்துக்கள் ஏறத்தாழ 49 விழுக்காடு, கிறித்தவர்கள் ஏறத்தாழ 47 விழுக்காடு. இத்தகைய சமநிலை தமிழகத்தின் வேறெந்த மாவட்டத்திலும் இல்லை.

படம் பார்க்க மலையிலிருந்து கீழே இறங்கியாக வேண்டும். குலசேகரம், மார்த்தாண்டம், தக்கலை என்று பேருந்து பிடித்துப் போய்ப் பார்த்தவர்களின் கருத்துகளை நான் மூன்றாக வகைப்படுத்திக்கொள்கிறேன்.

முதல் வகை, இடத்தைப் பற்றியது. ரப்பர் பால்வெட்டும் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற முதியவர் ஒருவர் சொன்னார்: "கதையெல்லாம் பொறவு பாத்துக்கிடலாம். நம்ம முட்டம் கடலு திரையில வந்ததுல்லா, அதுதான் எங்களுக்கு." முப்பது நாற்பது கிலோமீட்டரில் கடல் இருந்தும் ஆண்டுக்கு ஒருமுறைகூட அதைப் பார்க்காத மலையோரத்தார்க்கு, அலையையும் பாறையையும் வண்ணத்தில் பார்த்தது பெரும் நிகழ்வாக இருந்திருக்கிறது. ஆனால் இதே மகிழ்ச்சிக்குள் ஒரு குறையும் ஒளிந்திருந்தது. கடல் நம்முடையது, பேச்சு நம்முடையதல்ல. குமரி மாவட்டத்து வழக்கு படத்தில் ஒலிக்கவில்லை. மீனவக் கத்தோலிக்கர்களின் ஊரான முட்டத்தில் ஒரு பிராமண விதவை இசைப்பள்ளி நடத்துவதும் உள்ளூர்ப் பார்வையாளர்க்கு இயல்பாகப் படவில்லை. நிலம் எடுத்துக்கொள்ளப்பட்டது, நிலத்தில் வாழ்வோர் எடுத்துக்கொள்ளப்படவில்லை என்பதே இக்கருத்தின் சாரம்.

இரண்டாம் வகை, வயதைப் பற்றியது. பெண்கள், அதிலும் அன்று பெண்மக்களைப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டிருந்த தாய்மார்கள், இப்படத்தை அச்சத்தோடு பார்த்திருக்கிறார்கள். "பாட்டு நல்லாதான் இருந்துச்சு மக்களே. ஆனா பொறவு கொஞ்ச நாளு எங்கம்மை என்னைப் பாட்டு கிளாசுக்கு விடல்ல" என்று ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் சிரித்துக்கொண்டே கூறினார். பள்ளிப்பருவத்தினரின் காதலை இவ்வளவு அழகாகக் காட்டலாமா என்பது அன்றைய முணுமுணுப்பு. இக்கேள்வியைப் பழமைவாதம் என்று எளிதில் தள்ளிவிட முடியாது. பெண்ணின் திருமண வயது 18, ஆணின் வயது 21 என்று 1978ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம் உயர்த்தியிருந்தது. திரையில் ஊரைவிட்டுப் போகும் இணை எங்கே போய், எப்படி வாழும் என்ற கேள்வியைக் கேட்டவர்கள் தாய்மார்களே.

மூன்றாம் வகை, முடிவைப் பற்றியது. இங்கேதான் கருத்துகள் கூர்மையாகப் பிரிகின்றன. பூணூலும் சிலுவையும் எறியப்பட்டபோது இளைஞர்கள் கைதட்டினார்கள் என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். ஆனால் வீடு திரும்பும் வழியில் அதே இளைஞர்களுக்குள் வாக்குவாதம். பூணூல் இந்துக்களில் மிகச் சிலர் அணிவது; சிலுவையோ கிறித்தவர் அனைவருக்கும் பொது; இரண்டும் ஒரே எடைதானா என்று கிறித்தவ நண்பர்கள் கேட்டிருக்கிறார்கள். எறிந்தது மதத்தையா, மதத்தின் அடையாளத்தையா என்று மற்றவர்கள் மறுமொழி சொல்லியிருக்கிறார்கள். திறனாய்வு நூல்கள் எதையும் படிக்காதவர்கள் எழுப்பிய இவ்வினாக்கள் எந்தத் திறனாய்வாளருக்கும் குறைந்தவை அல்ல.

இம்முடிவில் சட்ட வரலாறு சார்ந்த ஒரு நுட்பமும் உண்டு. பிரிட்டிஷ் இந்தியாவில் 1872இல் கொண்டுவரப்பட்ட சிறப்புத் திருமணச் சட்டத்தின்படி மணம்புரிய விரும்புவோர், தாம் இந்து, கிறித்தவம், இசுலாம் முதலிய மதங்கள் எதனையும் பின்பற்றவில்லை என்று உறுதிமொழி தர வேண்டியிருந்தது. அதாவது, மதத்தைக் களைந்த பிறகே மணம். விடுதலைக்குப் பின் வந்த 1954ஆம் ஆண்டுச் சட்டம் இந்நிபந்தனையை நீக்கியது. அவரவர் மதத்தில் இருந்துகொண்டே, முப்பது நாள் முன்னறிவிப்புக் கொடுத்து மணந்துகொள்ளலாம். ஆக, 1981இல் விச்சுவும் மேரியும் எதையும் எறிய வேண்டிய கட்டாயத்தைச் சட்டம் விதிக்கவில்லை. வயது வரும்வரை காத்திருக்க மட்டுமே சொன்னது. ஆனால் ஊர் இன்னமும் 1872இலேயே நின்றது. 'ஏதேனும் ஒன்றை விட்டுவிட்டு வா' என்பதே ஊரின் சட்டம். படத்தின் உச்சக்காட்சி புரட்சியாகத் தோன்றினாலும், அந்தப் பழைய நிபந்தனையை இருவரும் சேர்ந்து நிறைவேற்றுவதாகவும் அதைக் காணலாம்.

படம் வெளிவந்து எட்டு மாதம் நிறைவதற்குள், 1982 மார்ச் 1 அன்று, முட்டத்திலிருந்து அதே கடலோரமாக மேற்கே சென்றால் வரும் மண்டைக்காட்டில், பகவதியம்மன் கோயில் மாசிக்கொடையின்போது கலவரம் வெடித்தது. காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பறிபோயின. தீ மற்ற ஊர்களுக்கும் பரவியது. கடலோரத்து வீடுகளும் உள்நாட்டு வீடுகளும் எரிந்தன. அரசு, நீதிபதி வேணுகோபால் தலைமையில் விசாரணை ஆணையம் அமைத்தது. குன்றக்குடி அடிகளார் நேரில் வந்து அமைதிப் பணி ஆற்றினார்.

படத்துக்கும் கலவரத்துக்கும் காரண காரியத் தொடர்பு எதுவுமில்லை. கலவரத்தின் வேர்கள் வேறு. அவை நீண்டகாலமாக மண்ணுக்குள் ஓடியவை. ஆனால் பார்வையாளர் நினைவில் இவ்விரண்டும் ஒன்றையொன்று நிறம்மாற்றிவிட்டன. நான் பேசிய மூத்தவர்களுள் பலர், படம் பார்த்த ஆண்டைக் கேட்டால் எண்ணைச் சொல்வதில்லை. "கலவரத்துக்கு முன்ன" என்கிறார்கள். முன்பு கைதட்டிய ஒருவர், பின்னர் அப்படத்தை மறுபடி பார்க்கும்போது அந்தக் காட்சியில் எழுந்து வெளியே போய்விட்டதாகச் சொன்னார். காரணம் கேட்டேன். "அப்பம் அது கதை. பொறவு அது கதையில்ல" என்றார். திரையில் ஊரார் திரண்டு வரும் காட்சி, 1981இல் கதையின் விறுவிறுப்பு. 1982க்குப் பின் அது வேறொன்று. படச்சுருளில் ஒரு சட்டகமும் மாறவில்லை, பார்வையாளர் மாறிவிட்டார்.

இந்நிலை நமக்கு மட்டுமே உரியதன்று. மேவ் பின்ச்சியின் நாவலைத் தழுவி, பேட் ஓ'கானர் இயக்கத்தில் 1995இல் வெளிவந்த 'சர்க்கிள் ஆஃப் ஃப்ரெண்ட்ஸ்' 1950களின் அயர்லாந்தில் நிகழ்கிறது. சிற்றூரிலிருந்து டப்ளின் பல்கலைக்கழகத்திற்கு வரும் தோழியர், அவர்களது முதல் காதல், கத்தோலிக்க ஒழுக்கவிதிகளின் நெருக்கம் ஆகியவையே கதை. தோழியருள் ஒருத்தியைக் கருவுறச் செய்து கைவிடுபவன் புராட்டஸ்டன்ட் நிலக்கிழார் குடும்பத்தவன். நாவலில் நாயகி பென்னி, தன்னை ஏமாற்றியவனை மீண்டும் ஏற்பதில்லை. படத்திலோ இருவரும் இணைகிறார்கள். நாவலை நேசித்தவர்களுக்கு இந்த மாற்றம் உவப்பாக இல்லை. அதே பத்தாண்டில், 1957இல், வெக்ஸ்ஃபோர்டு மாவட்டத்தின் ஃபெதார்டு என்னும் கடலோர ஊரில், கத்தோலிக்கரை மணந்த புராட்டஸ்டன்ட் பெண் தன் குழந்தைகளைக் கத்தோலிக்கப் பள்ளிக்கு அனுப்ப மறுத்ததால், புராட்டஸ்டன்ட் கடைகளை ஊரே புறக்கணித்தது. இப்பின்னணியில் பார்த்தால், திரையின் இனிய முடிவு வரலாற்றின் கசப்பை மூடும் மெல்லிய துணி என்பது விளங்கும். நம் படமும் அவ்வாறே. இரண்டு அடையாளங்கள் அலையில் விழுந்ததும் சிக்கல் தீர்ந்துவிடுகிறது.

ஒப்பீட்டுக்கு இலக்கியத்தையும் பார்க்கலாம். இதே மாவட்டத்து மண்ணில் முகிழ்த்த ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு' (1964) ஒரு பெண்ணின் வளரிளம் பருவத்தையும் காதலையும் பேசும் நாவல். லிஸி, பருவமடைந்தபின் வீட்டுக்குள் அடைபடுகிறாள். பனையேறியின் மகன் தங்கராஜைக் காதலிக்கிறாள். இருவரும் ஒரே மதம். ஆயினும் குடும்பப் பெருமையே வேலியாக நிற்கிறது. லிஸி ஊரைவிட்டுப் போவதில்லை. அந்த வீட்டுக்குள்ளிருந்தே காத்திருக்கிறாள். நம் அகமரபின் சொற்களில் சொன்னால், திரைப்படம் உடன்போக்கைத் தேர்ந்தது. நாவல், நெய்தலின் உரிப்பொருளான இரங்கலை உள்நாட்டு வீட்டின் இருளுக்குள் கொண்டுவந்து, பின் அறத்தொடு நிற்றலை நாடியது. உடன்போக்கு, இருவரும் பாலையைக் கடந்துபோவதோடு கவிதையை முடித்துக்கொள்ளலாம். ஊரில் தங்கிவிட்டவர்களைப் பற்றிக் கவலைப்படும் கடமை அதற்கு இல்லை.

பார்வையாளர்களோ ஊரில் தங்கிவிட்டவர்கள். 'அலைகள் ஓய்வதில்லை' பற்றிய அவர்களது கருத்துகள் எல்லாவற்றுக்கும் அடியில் நான் காண்பது இந்த ஒரு வேறுபாட்டைத்தான். விச்சுவும் மேரியும் போய்விட்டார்கள்; மேரியின் அண்ணனும், விச்சுவின் தாயும், அந்த நண்பர் குழாமும் மறுநாள் காலையில் அதே தெருவில் ஒருவரையொருவர் பார்த்தாக வேண்டும். 1982இன் வேனிலில் மாவட்டம் முழுவதும் மக்கள் செய்ததும் அதுவே. மேல் வீட்டாரும் கீழ் வீட்டாரும் பேச்சை எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நின்று, பின் எப்படியோ தொடங்கினார்கள். அந்தத் தொடக்கத்தைப் பற்றிப் படம் எதுவும் வரவில்லை.

1986இல் 'கடலோரக் கவிதைகள்' படத்துக்காகப் பாரதிராஜா மீண்டும் முட்டத்திற்கு வந்தார். பேச்சிப்பாறையிலிருந்தும் மக்கள் மீண்டும் இறங்கிப்போய்ப் பார்த்தார்கள். இன்று சுற்றுலா வருவோர் அப்பாறைகளின்மேல் நின்று படமெடுத்துக்கொள்கிறார்கள். படப்பிடிப்பு நடந்த இடம் என்று காட்டுவதற்கு அங்கே ஆள் இருக்கிறது. படம் பார்த்தவர்கள் என்ன நினைத்தார்கள் என்று சொல்வதற்கோ, எழுபதைக் கடந்த சிலரே எஞ்சியிருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டிய காலம் இதுவே.