தாவும் சிலந்தியின் பார்வை

வலையில் காத்திராமல், இரையைக் கண்ணால் கண்டு பாய்ந்து பிடிக்கும் சிலந்திக் குடும்பம் சால்டிசிடே. இதில் 6,000-க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. கண்கள் எட்டு: முகப்பின் நடுவிலுள்ள பெரிய இரண்டு முதன்மைக் கண்கள், ஏனையவை துணைக் கண்கள்.

அசைவை முதலில் உணர்பவை துணைக் கண்களே. எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ நாற்புறமும் பார்க்கின்றன. பின்னால் ஏதேனும் நகர்ந்தால் சிலந்தி சட்டென உடலைத் திருப்பி அதை எதிர்கொள்ளும்.

முதன்மைக் கண்ணின் அமைப்பு விந்தையானது. அது ஒரு நீண்ட குழாய். முன்னுள்ள வில்லை புற ஓட்டின் பகுதியாதலால் அசையாது. உள்ளே விழித்திரையை ஆறு தசைகள் நகர்த்துகின்றன. உடல் ஒளி ஊடுருவும் இனங்களில் இக்குழாய்கள் அசைவதை வெளியிலிருந்தே காணலாம். பார்வை மிகக் கூர்மை, ஆனால் பரப்பு குறுகியது. எனவே எங்கே பார்ப்பது என்பதை முன்பக்கத் துணைக் கண்கள் சுட்டவேண்டும். அவற்றை மறைத்தால் முதன்மைக் கண்கள் நகரும் பொருளைத் தொடர்வதில்லை என 2018-இல் வெளியான ஆய்வு காட்டியது.

தூரத்தை அளக்கும் முறை இன்னும் நுட்பமானது. விழித்திரை நான்கு அடுக்குகளாலானது. ஓர் அடுக்கில் பச்சை ஒளி தெளிவாகவும் இன்னொன்றில் மங்கலாகவும் விழ, அந்த மங்கலின் அளவே தொலைவை உணர்த்துகிறது. 2012-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் செவ்வொளியில் சோதித்தபோது, சிலந்திகளின் பாய்ச்சல் இரையை எட்டாமல் முன்னரே விழுந்தது.